இங்கிலீஷ்ல ஒரு வாக்கியத்துக்குள்ள இன்னொன்ன சொருகினாலே மாட்டிக்கிறேன், இந்த சபார்டினேட் க்ளாஸ் எப்படித்தான் புடிபடும்?

பாதிவாக்கியம்:
ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன், முதல் தடவையா கேக்குறேன். இங்கிலீஷ் பேச்சு எனக்கு ஓரளவு ஓடிடும், சின்ன சின்னதா பேசி சமாளிச்சுடுவேன், ஆனா மெயில் எழுத உக்காந்தா "இப்படி ஆனதால அப்படி", "அவர் சொன்ன அந்த விஷயம்", "வந்தா பாத்துக்கலாம்" மாதிரி ரெண்டு விஷயத்த கோக்க வேண்டிய இடத்துலதான் எல்லாம் கழண்டு விழுது.

போன வாரம் நடந்த கூத்த சொல்றேன். ஒரு க்ளையன்ட்டுக்கு இப்படி ஒரு மெயில் போட்டேன் (இங்கிலீஷயும் தமிழ் எழுத்துலயே அடிக்கிறேன், கீபோர்ட மாத்தி மாத்தி வெறுத்துப்போச்சு, கோச்சுக்காதீங்க):

"ஆஸ் த ஃபைல் விச் யூ சென்ட் இட் யெஸ்டர்டே இஸ் நாட் ஓப்பனிங், ஸோ ஐ டோல்ட் டு மை மேனேஜர், ஹி டோல்ட் தட் ஐ வில் செக் ஆஃப்டர் ஐ கேம் டுமாரோ."

நான் மனசுல நினைச்சது, நீங்க நேத்து அனுப்பின ஃபைல் ஓப்பன் ஆகலைங்கறதால மேனேஜர்கிட்ட சொன்னேன், நாளைக்கு வந்தப்புறம் நான் பாக்குறேன்னு அவர் சொன்னார். அவ்ளோதான். மறுநாள் க்ளையன்ட் என்னைய கேக்குறார், செக் பண்ணிட்டியான்னு. மேனேஜரும் அந்த மெயில்ல இருந்தார், அவர் தனியா கூப்ட்டு "நீ பாக்குறேன்னு நான் எப்பய்யா சொன்னேன்"ங்கறார். எனக்கு ஒண்ணும் புரியல, அவர் சொன்னதைத்தான எழுதியிருக்கேன்?

கிராமர் புக்ல நவுன் க்ளாஸ், அட்ஜெக்டிவ் க்ளாஸ், அட்வெர்ப் க்ளாஸ்னு மூணு பிரிவு, அதுக்கு கீழ டேபிள், எல்லாம் பாத்துட்டேன், பேர் சொல்ல தெரியுது எழுத தெரியல. யாராவது இந்த ஒரு வாக்கியத்தையே வச்சு எங்கெங்க தப்புன்னு சொன்னா போதும்.

ஒன்லைனர்:
ப்ரோ எதுக்கு இவ்ளோ கஷ்டம், எல்லாத்தையும் உடைச்சு எழுதுங்க. த ஃபைல் இஸ் நாட் ஓப்பனிங். ஐ டோல்ட் மை மேனேஜர். ஹி வில் செக் டுமாரோ. முடிஞ்சது. மெயில்ல எவனும் இலக்கியம் எதிர்பாக்கல.

மரத்தச்சன்:
ஒன்லைனர் சொல்றது அவசரத்துக்கு சரி, ஆனா அப்படியே பழகிட்டா எது காரணம், எது விளைவு, எது நிபந்தனைங்கறத படிக்கிறவன் தலையில கட்டிடுவோம். "யூ டிடின்ட் ரிப்ளை. வி ஸ்டாப்ட் த வொர்க்" அப்படின்னா பதில் வராததால நிறுத்தினோமா, இல்ல ரெண்டும் தனித்தனியா நடந்துச்சா, தெரியாது. பேசுறப்போ குரல்லயே புரிஞ்சுடும், எழுத்துல அந்த வசதி இல்ல. அந்த வேலைய செய்யத்தான் பிகாஸ், சின்ஸ், இஃப், ஆல்தோ எல்லாம் இருக்கு.

பாதிவாக்கியம், உங்க வாக்கியத்த பிரிச்சு மேயலாமா? அதுல கிட்டத்தட்ட அஞ்சு தப்பு இருக்கு, அதுல பாதிக்கு மேல நீங்க இங்கிலீஷ் தெரியாம பண்ணினது இல்ல, தமிழ் நல்லா தெரிஞ்சதால பண்ணினது.

முதல்ல "ஆஸ்... ஸோ". தமிழ்ல "ஓப்பன் ஆகலைங்கறதால" ன்னு சொல்லிட்டு, மூச்சு விட்டு, "அதனால மேனேஜர்கிட்ட சொன்னேன்" ன்னு திரும்ப ஒரு தடவ சொன்னாலும் காதுக்கு உறுத்தாது, பேச்சுல எல்லாரும் பண்றோம். இங்கிலீஷ்ல ரெண்டு பலகைக்கு நடுவுல ஒரு ஆணிதான். ஆஸ் போட்டா ஸோ கிடையாது, ஸோ போட்டா ஆஸ் கிடையாது. இதே கதைதான் ஆல்தோ போட்டுட்டு பட் போடறதும். "ஆல்தோ இட் வாஸ் லேட், பட் ஐ வென்ட்" ன்னு எழுதாதவங்க நம்மள்ல குறைவு. பட் தனியா போதும், ஆல்தோ தனியா போதும்.

ரெண்டாவது உங்கள மாட்டிவிட்ட இடம், "ஹி டோல்ட் தட் ஐ வில் செக்". தமிழ்ல "ன்னு" இருக்கே, அது அடுத்தவன் வாயில வந்த வார்த்தைய அப்படியே பொட்டலம் கட்டி குடுத்துடும். "நான் பாக்குறேன்னு சொன்னார்" ன்னா அந்த "நான்" சொன்ன ஆளு. இங்கிலீஷ் தட் அப்படி இல்ல, அதுக்குள்ள வர்ற எல்லாமே எழுதறவன் நிக்கிற இடத்துல இருந்து பாக்குறது. ஐ போட்டா அது நீங்க, அவ்ளோதான். அதான் க்ளையன்ட் உங்களப் புடிச்சார், அவர் மேல தப்பே இல்ல. "மை மேனேஜர் செட் தட் ஹி வுட் செக்" ன்னு வரணும். நான் அவர் ஆகணும், வில் வுட் ஆகணும் (விஷயம் இன்னும் நடக்கலைன்னா வில்லும் விடலாம், யாரும் அடிக்க மாட்டாங்க). அப்புறம் டோல்ட் வந்தா யார்கிட்டங்கறது உடனே வரணும், டோல்ட் மி, டோல்ட் அஸ். செட் அப்படி கேக்காது. "டோல்ட் டு மை மேனேஜர்" ல இருக்கிற டு நம்ம "கிட்ட"வோட மொழிபெயர்ப்பு, அதை எடுத்துருங்க.

மூணாவது "ஆஃப்டர் ஐ கேம் டுமாரோ". நாளைக்கு எப்படி கேம் வரும்னு சிரிக்கத் தோணும், ஆனா தமிழ்ல "நாளைக்கு வந்தப்புறம்" தான சொல்றோம், "வந்த" இறந்தகாலம்தான? நமக்கு அது காலம் இல்ல, வரிசை. பாக்கறதுக்கு முன்னாடி வர்றது முடிஞ்சிருக்கும், அதனால வந்த. இங்கிலீஷ்ல அந்த இடத்துல சாதா ப்ரெசென்ட்: "ஆஃப்டர் ஹி கம்ஸ் இன் டுமாரோ". வேலை நாளைக்கு நடந்தாலும் கம்ஸ்தான், வில் கம் கூட இல்ல.

அந்த "விச் யூ சென்ட் இட்" விஷயம் பெருசு, வேற யாராவது தொடருங்க, எனக்கு பஸ் வந்துடுச்சு.

பழைய வாத்தியார்:
தச்சன் விட்ட இடத்துல இருந்து நான் எடுத்துக்கிறேன், இதுல எனக்கு ஒரு தனி பாசம் உண்டு.

தம்பி, தமிழ்ல பெயரெச்சம் பெயருக்கு முன்னாடி வரும், "நீங்க அனுப்பின ஃபைல்". இங்கிலீஷ்ல பெயர் முதல்ல, விளக்கம் பின்னாடி, "த ஃபைல் யூ சென்ட்". இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். யாரும் சொல்லிக் குடுக்காதது அடுத்தது. பெயரெச்சத்துல நம்ம வேற்றுமை உருபு காணாமப் போயிடும். பாருங்க: நான் பேசின ஆளு, நான் உக்காந்த நாற்காலி, நான் எழுதின பேனா, நான் பொறந்த வீடு. ஆளுகிட்ட பேசினேன், நாற்காலியில உக்காந்தேன், பேனாவால எழுதினேன், வீட்டுல பொறந்தேன். அந்த கிட்ட, இல, ஆல எல்லாம் எங்க போச்சு? முழுங்கிட்டோம், கேக்கிறவன் உலக அறிவ வச்சு நிரப்பிக்கிறான். அதே பழக்கத்துல "த பெர்சன் ஐ ஸ்போக்", "த சேர் ஐ சேட்" ன்னு எழுதிடறோம். இங்கிலீஷ்காரனுக்கு அது கால் இல்லாத நாற்காலி. "த பெர்சன் ஐ ஸ்போக் டு", "த சேர் ஐ சேட் ஆன்", "த பென் ஐ ரோட் வித்". வாக்கியக் கடைசியில ப்ரெப்பொசிஷன் தொங்கக் கூடாதுன்னு ஒரு பழைய பயமுறுத்தல் உண்டு, அன்றாட இங்கிலீஷ்ல அது தாராளமா தொங்கும், அதை அடியோட விட்டுட்டாதான் தப்பு.

உங்க "இட்" இதுக்கு நேர் எதிர்த் தப்பு, அங்க இருக்க வேண்டியத விட்டுடறோம், இங்க போக வேண்டியத விடாம புடிச்சு வச்சிருக்கீங்க. ரெண்டுக்கும் ஒரே வைத்தியம். உள்ள இருக்கிற குட்டி வாக்கியத்த வெளிய எடுத்து முழுசா எழுதிப் பாருங்க. "யூ சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே." இப்ப த ஃபைல தூக்கி முன்னாடி வைங்க. அது இருந்த இடம் காலியா இருக்கட்டும். "த ஃபைல் யூ சென்ட் யெஸ்டர்டே." அந்தக் காலி இடத்துல இட் போட்டா ஒரே ஆளு ரெண்டு நாற்காலியில உக்காந்த மாதிரி. "ஐ ஸ்போக் டு த பெர்சன்", பெர்சன தூக்குங்க, டு அங்கயே நிக்குது பாத்தீங்களா. நான் வகுப்புல பலகையில எழுதி அந்த வார்த்தைய மட்டும் டஸ்டரால அழிச்சுட்டு அந்த அழிச்ச கட்டத்த அப்படியே விட்டுடுவேன், பசங்களுக்கு அது மறக்காது.

விச், தட் ரெண்டையும் இங்க விட்டுட்டது கவனிச்சிருப்பீங்க. பின்னாடியே யூ, ஐ மாதிரி ஒரு எழுவாய் வந்தா தாராளமா விடலாம். ஆனா "த மேன் ஹூ கால்ட் யெஸ்டர்டே" ல ஹூதான் எழுவாய், அதை விட்டா வாக்கியம் சாஞ்சுடும்.

இன்னொன்னு, கேக்காமலே சொல்றேன். "வந்து சாப்பிட்டேன்" மாதிரி செய்து வாய்பாட்டு வினையெச்சம் வந்தா வந்தவனும் சாப்பிட்டவனும் ஒரே ஆளா இருக்கணும்னு தொல்காப்பியர் வினையியல்லயே சொல்லிட்டார். இங்கிலீஷ்லயும் இதே ஒழுக்கம்தான். "ஆஃப்டர் ரீடிங் யுவர் மெயில், த ப்ராப்ளம் வாஸ் சால்வ்ட்" ன்னு எழுதினா மெயில படிச்சது ப்ராப்ளம்னு ஆயிடும். ஆள உள்ள கொண்டு வாங்க: "ஆஃப்டர் ஐ ரெட் யுவர் மெயில்".

பாதிவாக்கியம்:
சார், அண்ணா, ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. அந்த "நான்" விஷயம் படிச்சப்போ நிஜமாவே எந்திரிச்சு ரெண்டு தடவ நடந்தேன், இத்தன வருஷமா இப்படித்தான் எழுதிட்டு இருந்திருக்கேன், இன்னும் எத்தன வேலைய நான் பண்றேன்னு நானே எழுதிக் குடுத்தேனோ.

ஒரு டவுட்டு. ஆஃப்டர், வென், இஃப் பின்னாடி வில் வரக் கூடாதுன்னா, "ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்" ன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது தப்பா?

ராப்பறவை:
தப்பில்ல. இது என்னையும் ரொம்ப நாள் படுத்துச்சு, கடைசியில தமிழ்தான் கைகுடுத்துச்சு, தமிழால வர்ற தப்ப பத்தியே பேசிட்டு இருக்கோம், இங்க அது நல்லது பண்ணுது பாருங்க.

"அவன் வர்றப்போ சொல்றேன்" , இதுக்கு "ஐ வில் டெல் ஹிம் வென் ஹி கம்ஸ்".
"அவன் எப்போ வருவான்னு தெரியல", இதுக்கு "ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்".

இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் அதே வென். தமிழ்ல ஒண்ணு வர்றப்போ, இன்னொன்னு எப்போ வருவான்னு. ரெண்டாவதுல "வருவான்" ன்னு முழு வினைமுற்று எதிர்காலத்துல நிக்குது, அங்க வில் போடலாம். முதல்ல அப்படி எதுவும் இல்ல, வில்லும் இல்ல. இஃப்க்கும் அதே. "வந்தா சொல்றேன்" ன்னா இஃப் ஹி கம்ஸ். "வருவானான்னு தெரியல" ன்னா இஃப் ஹி வில் கம், இங்க இஃப்ப எடுத்துட்டு வெதர் போட்டாலும் பொருந்தும். தமிழ்ல ஒரு தடவ சொல்லிப் பாத்துட்டு எழுதுங்க, முக்கால்வாசி நேரம் காப்பாத்தும்.

இந்த ரெண்டாவது வகையில வேற ஒரு குழி இருக்கு. கேள்வி உள்ள போனதும் கேள்வியோட சட்டைய கழட்டிடணும். "வேர் இஸ் ஹி" தனியா கேட்டா சரி, "ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்" ன்னு திரும்பிடணும். "வாட் டஸ் ஹி வான்ட்" உள்ள போனா "ஐ டோன்ட் நோ வாட் ஹி வான்ட்ஸ்", அந்த டஸ் காணாமப் போய் அதோட ஸ் மட்டும் வான்ட் மேல ஒட்டிக்கும். "கேன் யூ டெல் மி வாட் டஸ் திஸ் மீன்" ன்னு நான் எத்தன மெயில் அனுப்பியிருப்பேன்னு நினைச்சா கூசுது.

அன்லெஸ் பத்தி ஒரே வரி: அதுக்குள்ளயே "இல்லைன்னா" இருக்கு, அதனால "அன்லெஸ் யூ டோன்ட் கால்" ன்னு இன்னொரு இல்லைய சேக்காதீங்க. "நீ கூப்டலைன்னா" வேணும்னா "அன்லெஸ் யூ கால்" போதும்.

சும்மா படிக்கிறவன்:
நடுவுல பூந்து கேக்குறேன், ஸ்கூல்ல பிகாஸ்ல வாக்கியம் ஆரம்பிக்கவே கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க, இங்க யாரும் அதை பத்தி பேசலையே? அப்புறம் கமா எங்க போடறதுன்னும் யாராச்சும் சொல்லுங்க, நான் மூச்சு வாங்குற இடத்துலலாம் போடுறேன்.

மரத்தச்சன்:
பஸ்ல உக்காந்துட்டே எழுதறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

பிகாஸ்ல தாராளமா ஆரம்பிக்கலாம். சின்னப் பசங்க "பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்." ன்னு எழுதி புள்ளி வச்சுட்டு போயிடுவாங்க, ஏன்னா மழை பெய்ஞ்சதால... சரி, பெய்ஞ்சதால என்ன? மீதி வரல. அந்தப் பாதி வாக்கியத்த தடுக்கறதுக்காக வாத்தியாருங்க மொத்தமா கதவ சாத்திட்டாங்க. "பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங், வி ஸ்டேட் ஹோம்." இதுல எந்தக் குத்தமும் இல்ல. பேச்சுல ஏன் வரலன்னு ஒருத்தர் கேட்டா "பிகாஸ் ஐ வாஸ் டயர்ட்" ன்னு மட்டும் சொல்றதும் சரிதான், மீதி அவர் கேள்வியில இருக்கு.

கமாவுக்கு சொல்றேன். சார்பு வாக்கியம் (அதான் சபார்டினேட் க்ளாஸ்) முன்னாடி வந்தா அது முடியற இடத்துல கமா. பின்னாடி வந்தா பெரும்பாலும் வேண்டாம், "வி ஸ்டேட் ஹோம் பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்". ஆல்தோ, வேர்ஆஸ் மாதிரி எதிரும் புதிருமா வர்றதுக்கு பின்னாடி வந்தாலும் கமா போடுவாங்க.

ஆனா உண்மையிலேயே பயப்பட வேண்டிய கமா இது இல்ல. இந்த ரெண்டையும் பாருங்க.

"த ஃபைல்ஸ் தட் ஹேட் எரர்ஸ் வேர் டிலீட்டட்."
"த ஃபைல்ஸ், விச் ஹேட் எரர்ஸ், வேர் டிலீட்டட்."

முதல்ல எரர் இருந்தது மட்டும் போச்சு, மத்தது இருக்கு. ரெண்டாவதுல எல்லாமே போச்சு, எல்லாத்துலயும் எரர். தமிழ்ல "எரர் இருந்த ஃபைல டிலீட் பண்ணிட்டோம்" ன்னு ரெண்டுக்கும் ஒரே பெயரெச்சம்தான், அதனால நமக்கு அந்த வித்தியாசம் காதுல விழறதே இல்ல. கமாவுக்கு நடுவுல இருக்கிற துண்ட எடுத்தாலும் வாக்கியம் நிக்குமா, எந்த ஃபைல்னு தெரியுமான்னு ஒரு தடவ யோசிச்சுட்டு போடுங்க.

ஒன்லைனர்:
சரி ஒத்துக்கிறேன், அந்த ஃபைல் உதாரணத்துல என் வாய் அடைச்சுப்போச்சு. ஆனா ஒண்ணு, ஒரே வாக்கியத்துல மூணு க்ளாஸ் மேல போனா படிக்கிறவன் பாவம், அதுல நான் மாற மாட்டேன்.

பழைய வாத்தியார்:
அதுல நானும் உங்க கட்சி. ஆனா எதை முன்னாடி வைக்கிறோம் எதை பின்னாடி வைக்கிறோம்ங்கறதும் இருக்கு. "ஆல்தோ இட் இஸ் ஸ்லோ, இட் வொர்க்ஸ்" ன்னா வேலை செய்யுதுப்பா, எடுத்துக்கோங்கறார். "இட் வொர்க்ஸ், ஆல்தோ இட் இஸ் ஸ்லோ" ன்னா கொஞ்சம் யோசிக்கறார். வார்த்தை அதேதான், கடைசியில நிக்கிறதுதான் மனசுல நிக்கும். கெட்ட சேதி சொல்ற மெயில்ல இதை ஜாக்கிரதையா பாருங்க.

பாதிவாக்கியம்:
என் பழைய மெயில திருப்பி எழுதிட்டேன், பாத்து சொல்லுங்க:

"த ஃபைல் யூ சென்ட் யெஸ்டர்டே இஸின்ட் ஓப்பனிங், ஸோ ஐ டோல்ட் மை மேனேஜர். ஹி செட் ஹி வுட் செக் இட் ஆஃப்டர் ஹி கம்ஸ் இன் டுமாரோ."

இன்னொரு மெயிலும் இன்னைக்கு போக வேண்டியது இருந்துச்சு, தேதி பத்தி, "வி டிடின்ட் சேஞ்ச் த டேட் பிகாஸ் யூ ஆஸ்க்ட்". க்ளையன்ட் மாத்த வேண்டாம்னு கேட்டார், அதனால மாத்தாம வச்சிருக்கோம்ங்கறதுதான் விஷயம். இது சின்னதுதான, இதுல தப்பு வர வாய்ப்பு இல்லன்னு நினைக்கிறேன்.

ராப்பறவை:
முதல் மெயில் சூப்பர். ரெண்டாவத கொஞ்சம் நில்லுங்க! டிடின்ட் ஒரு பக்கம், பிகாஸ் ஒரு பக்கம் வந்தா அந்த நாட் எதை புடிக்குதுன்னு தெரியாது. நீங்க கேட்டீங்க, அதனால மாத்தல. இது ஒரு அர்த்தம். மாத்தினோம், ஆனா நீங்க கேட்டதுக்காக இல்ல, எங்களுக்கு வேற காரணம். இது இன்னொன்னு. கிராமர்ல ரெண்டும் சரி. தமிழ்லயே "நீங்க கேட்டதால மாத்தல" ன்னு சொன்னா கிட்டத்தட்ட இதே குழப்பம் வருது, குரல வச்சுதான் தப்பிக்கிறோம். பிகாஸ தூக்கி முன்னாடி வைங்க, "பிகாஸ் யூ ஆஸ்க்ட், வி டிடின்ட் சேஞ்ச் த டேட்". நாட் இப்ப முன்னாடி எட்டிப் பாக்க முடியாது, ஒரே அர்த்தம்தான்.

பாதிவாக்கியம்:
"போக வேண்டியது இருந்துச்சு" ன்னு எழுதியிருக்கேன்ல. போயிடுச்சு. அரை மணி நேரம் ஆச்சு. இப்பதான் பதில் வந்திருக்கு, "ஸோ வாட் இஸ் த நியூ டேட்?" ன்னு கேக்குறார்.